யப்பான் செற்றப்பில் நேரடி ட்ராபிக்: எது வரும், எது வராது

இலங்கை வீதிகளில் ஓடும் அக்குவா, விற்ஸ், அக்சியோ, பிறியஸ், வெசல், வகன் ஆர் எல்லாம் பெரும்பாலும் யப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்து இறங்கியவை. டாஷ்போட்டின் நடுவில் அங்கேயே பூட்டிய நவிகேஷன் செற்றப்பும் கூடவே வந்திருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய செற்றப்புகள் இன்னும் நிறையப் பாவனையில் இருக்கின்றன. வரைபடம் உண்டு, ஜிபிஎஸ் உண்டு, ட்ராபிக் என்று ஒரு பொத்தான்கூட உண்டு. பிறகு ஏன் பேலியகொடையில் வாகனங்கள் தேங்கி நிற்பதை இந்தத் திரை காட்டுவதில்லை, காட்ட வைக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் பலர்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரிஜினல் செற்றப் இலங்கை நெரிசலைக் காட்டாது. எந்த எஸ்டி காட் போட்டாலும், எந்த மென்பொருள் ஏற்றினாலும் காட்டாது. நெரிசல் தகவல் உங்கள் ஃபோனில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே பாதுகாப்பாகக் கொண்டுவருவதுதான் செய்யவேண்டிய வேலை. அதற்குச் சில ஆயிரம் ரூபாவும் போதும், லட்சக்கணக்கிலும் செலவாகலாம். எது உங்களுக்குத் தேவை என்று தெரிய, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் விளங்க வேண்டும்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது

யப்பானில் நெரிசல் தகவலை வாகனத்துக்குக் கொண்டுசேர்ப்பது விக்ஸ் என்ற சேவை. 1996 ஏப்ரலில் தொடங்கியது. வீதி உணரிகளும் பொலிஸும் நெடுஞ்சாலை நிறுவனங்களும் திரட்டுகிற தகவல் ஒரு மையத்துக்குப் போய், அங்கிருந்து வாகனங்களுக்கு வரும். அது வரும் வழிகள் மூன்றாக இருந்தன. நகர வீதிகளில் மேலே தொங்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்று. அதிவேக வீதி ஓரங்களில் 2.4 கிகாஹேட்ஸ் அலை அனுப்பும் கம்பம் இன்னொன்று. இது 2022 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. மூன்றாவதுதான் பெரும்பாலான செற்றப்புகளில் இருப்பது: யப்பானின் பொது ஒலிபரப்பான என்எச்கே வானொலியின் எஃப்எம் அலையில் பாட்டோடு சேர்ந்து வரும் தரவு.

எஃப்எம் அலையில் நம் காதுக்குக் கேட்கும் ஒலிக்கு மேலே நிறைய இடம் சும்மா கிடக்கிறது. ஸ்ரீரியோவுக்கான அடையாள ஒலி 19 கிலோஹேட்ஸில் இருக்கும். 53 கிலோஹேட்ஸ் வரை ஸ்ரீரியோவின் மீதிப் பகுதி. அதற்கும் மேலே 76 கிலோஹேட்ஸில் ஒரு துணை அலையை ஏற்றி, விநாடிக்கு 16 கிலோபிற் வேகத்தில் தரவு அனுப்புகிறார்கள். செற்றப்புக்குள் இருக்கும் வாங்கி அதைப் பிரித்தெடுக்கும். அந்தத் தரவில் வீதியின் பெயர் இராது, இலக்கம்தான் இருக்கும். நாடு முழுவதையும் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள வீதித் துண்டுகளுக்கு இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். 'இந்தச் சதுரத்தில் இந்த இலக்கத் துண்டு நெரிசல்' என்று செய்தி வரும். செற்றப் தன் வரைபடத்தில் அதே இலக்கத்தைத் தேடிப் பிடித்துச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறம் பூசும்.

ஆகவே திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுவதற்கு மூன்று பொருத்தம் வேண்டும்: தகவலை அனுப்ப ஒருவர், அதை வாங்க ஒரு கருவி, செய்தியில் உள்ள இலக்கத்தைத் தெரிந்த ஒரு வரைபடம். இலங்கைக்கு வந்த வாகனத்தில் நடுவில் உள்ள கருவி மட்டும்தான் மிஞ்சுகிறது. இங்கே அந்த அலையை அனுப்ப யாரும் இல்லை. வரைபடத்திலும் யப்பானுக்கு வெளியே ஒன்றுமில்லை. ஜிபிஎஸ் உலகம் முழுக்க வேலை செய்யும், அதில் குறையில்லை. தான் நிற்கும் அகலாங்கும் நெட்டாங்கும் செற்றப்புக்குத் தெரியும். அந்த இடத்தில் வரைவதற்குத்தான் அதனிடம் வீதி கிடையாது. மணிக்கூடு மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுவதற்கும் இதே காரணம்தான். செய்மதியிலிருந்து சரியான நேரத்தை எடுத்து, அதை யப்பான் நேரமாக மாற்றிக் காட்டுகிறது.

ஃபோன் வழியாகத் தகவல் வாங்கிய சேவைகளும் இருந்தன. ரொயோட்டாவுக்கு ஜி-புக், பிறகு ரி-கனெக்ற். ஹொண்டாவுக்கு இன்ரர்நவி. இவை யப்பானில் உள்ள சேர்வருக்குப் போய் யப்பான் வீதிகளைக் கேட்பவை. செற்றப்பை உங்கள் ஹொட்ஸ்பொட்டோடு இணைத்தாலும் இலங்கை நெரிசலைத் தர அங்கே எதுவும் இல்லை.

வாகனத்தில் கேட்கும் ஒரு குரலைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். ஸ்ராட் பண்ணும்போதெல்லாம் ஒரு பெண் குரல் யப்பான் மொழியில் ஏதோ சொல்லும். அது நவிகேஷன் அல்ல. அதிவேக வீதிக் கட்டணத்துக்கான ஈரிசி பெட்டி, 'காட் போடவில்லை' என்று நினைவூட்டுகிறது. பல வாகனங்களில் ஸ்ரியரிங்குக்குக் கீழே அல்லது கையுறைப் பெட்டிக்குள் இருக்கும். அதன் சொக்கெற்றைக் கழற்றிவிட்டால் குரல் நின்றுவிடும், வேறொன்றும் பாதிக்காது.

ஐரோப்பாவிலிருந்து அன்ரனா வருவித்தால்?

லண்டனிலோ ஜேர்மனியிலோ உள்ள உறவினர் வாகனத்தில் ட்ராபிக் தானாக வருவதைப் பார்த்துவிட்டு, அந்தக் கருவியை வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டாம். அங்கே பழைய செற்றப்புகளுக்கு வருவது ஆர்டிஎஸ்-ரிஎம்சி. விக்ஸின் ஐரோப்பிய உறவு என்று சொல்லலாம். எஃப்எம் அலையில் 57 கிலோஹேட்ஸில் ஏறி வரும், வேகம் விநாடிக்கு 1187.5 பிற் மட்டும். இவ்வளவு மெதுவான வழியில் வீதிப் பெயரை எழுத்தெழுத்தாக அனுப்ப முடியாது. அதனால் நடந்தது என்ன என்பதற்கு 11 பிற் இலக்கம், எங்கே என்பதற்கு 16 பிற் இலக்கம். 'எங்கே' என்ற அந்த இலக்கத்துக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அட்டவணை உண்டு. அது வரைபடத்தோடு சேர்ந்து வரவேண்டும். கட்டணச் சேவைகள் இட இலக்கத்தைப் பூட்டியும் அனுப்பும். அனுப்புபவரும் அட்டவணையும் இல்லாத இடத்தில் அந்த அன்ரனா வெறும் வயர்தான்.

'இலங்கை மாப் ஏற்றித் தருகிறோம்' என்பது

சில செற்றப்புகளுக்கு ஆங்கில மெனுவும் இலங்கை வரைபடமும் ஏற்றித் தருவார்கள். வழி காட்டும், வலப்பக்கம் திரும்பு என்று சொல்லும். யப்பானைப் போலவே இங்கேயும் இடப்பக்க ஓட்டம் என்பதால் அந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அது இணையத்தோடு தொடர்பில்லாத வரைபடம். நேரடி நெரிசல் அதில் வராது. காசு கொடுக்கும் முன் இதை நேரே கேளுங்கள்: 'ட்ராபிக் எந்த வழியால் வரும், சிம்மாலா ஃபோனாலா?' இரண்டும் இல்லை என்றால் ட்ராபிக்கும் இல்லை.

செற்றப்பைத் திறந்து வேலை செய்யும் முன் இன்னொரு ஆபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ரொயோட்டாவின் என்எஸ்இசட்ரி வரிசை போன்றவற்றில் வரைபடம் எஸ்டி காட்டில் இருக்கும். காட்டை உருவினாலோ, பற்றரியைக் கழற்றி மாட்டினாலோ பாட்டும் கேட்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் செற்றப்புகள் உண்டு. திரையில் ஈஆர்சி என்று ஓர் இலக்கம் வரும், அதற்குரிய திறவு இலக்கத்தைக் கொடுத்தால்தான் விடும். பற்றரி மாற்றும் கடைக்காரருக்கு இது பெரும்பாலும் தெரியாது. பழைய செற்றப்பை வைத்திருக்க விரும்பினால் பற்றரி மாற்றும்போது வேறொரு 12 வோல்ற் பற்றரியை இணையாகப் பிடித்து, மின் அறாமல் மாற்றச் சொல்லுங்கள்.

மலிவான வழி முதலில்

பெரும்பாலானோருக்கு இதுவே போதும்: நல்ல ஃபோன் ஸ்ராண்ட் ஒன்று, தரமான சார்ஜர் ஒன்று, கூகிள் மப்ஸ். பாட்டுக்கும் பழைய திரைக்கும் கை வைக்க வேண்டியதில்லை. கையில் ஃபோனைப் பிடித்தபடி ஓட்டுவது குற்றம் என்பதால் ஸ்ராண்டைத் தவிர்க்கக்கூடாது. கண்ணாடியில் ஒட்டும் வகையைவிட ஏசி வாயில் மாட்டும் வகை நம் வெயிலுக்கு நல்லது. ஐஃபோனைப் பாவிக்கக்கூடிய சுற்றுவெப்பம் 35 பாகை வரை என்று அப்பிள் சொல்கிறது. யாழ்ப்பாணத்துச் சித்திரை மத்தியானம் முன்கண்ணாடிக்குக் கீழே அதைவிட அதிகம். சூடேறினால் ஃபோன் முதலில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், பிறகு திரையை மங்கலாக்கும். வழி தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இது நடக்கும்.

வழி சொல்லும் குரலை ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமானால் முதலில் செற்றப்பில் புளூரூத் பாட்டு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மெனு யப்பான் மொழியில் இருந்தாலும் புளூரூத் என்பது ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அதுவும் இல்லை, ஃபோனை வயரால் இணைக்கும் ஓக்ஸ் துளையும் இல்லை என்றால் எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர், அதாவது ஃபோனின் ஒலியை வானொலி அலையாக அனுப்பும் சின்னக் கருவி. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பழைய யப்பான் வானொலி 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் வாங்கும். நம் வானொலி 87.5 இல் தொடங்கி 108 வரை போகும். இரண்டுக்கும் பொதுவான இடம் 87.5 முதல் 90 வரை மட்டுமே. ட்ரான்ஸ்மிற்றரை அதற்குள் யாரும் ஒலிபரப்பாத ஓர் இடத்தில் வையுங்கள்.

உங்கள் வாகனத்தில் ஏற்கெனவே எஃப்எம் எக்ஸ்பாண்டர் பூட்டியிருந்தால் கணக்கு மாறும். எக்ஸ்பாண்டர் என்பது அன்ரனா வயரின் இடையில் இருக்கும் சின்னப் பெட்டி. வரும் அலையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 18 மெகாஹேட்ஸ் இறக்கும் பெட்டி என்றால் 100.0 இல் உள்ள நிலையம் திரையில் 82.0 இல் கேட்கும்; 94 முதல் 108 வரை பிடிக்கலாம். 12 இறக்கும் பெட்டி என்றால் 88 முதல் 102 வரை. அப்போது ட்ரான்ஸ்மிற்றரை அந்த எல்லைக்குள் வைத்து, திரையில் 18 அல்லது 12 ஐக் கழித்த இலக்கத்துக்குப் போகவேண்டும்.

ஃபோன் திரையைப் பழைய செற்றப்பின் வீடியோ உள்ளீட்டுக்கு அனுப்பித் தருகிறோம் என்ற யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். மஞ்சள் ஆர்சிஏ வயரால் போகும் படம் பழைய ரிவி தரம். வீதிப் பெயரை வாசிக்க முடியாது. திரையைத் தொட்டாலும் ஃபோனுக்குத் தெரியாது. ஓடும்போது வீடியோ மறைந்துவிடும் என்பதால் ஹான்ட் பிறேக் வயரை ஏமாற்றவும் வேண்டும். இத்தனை செய்தும் கிடைப்பது ஸ்ராண்டில் உள்ள ஃபோனைவிட மோசமான படம்.

ஒரிஜினலைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: டாஷ்போட்டின் மேல் வைக்கும் தனித் திரை. ஃபோனின் வரைபடத்தையும் பாட்டையும் வாகனத் திரையில் காட்டும் அப்பிள் கார்பிளேயும் அன்ட்ரொயிட் ஓட்டோவும் அதில் ஓடும். அதற்கு மின்சாரம் சிகரெற் லைற்றர் துளையிலிருந்து வரும். வயர் வெட்டும் வேலையே கிடையாது. வாகனத்தை இரண்டொரு வருடத்தில் விற்க நினைப்பவருக்கு இது பொருத்தம். பயணிப் பக்க ஏர்பாக் மூடியின் மேல் மட்டும் அதை ஒட்டாதீர்கள்.

செற்றப்பை மாற்றுவதென்றால்

நிரந்தரமான வழி, பழையதைக் கழற்றி அன்ட்ரொயிட் செற்றப் அல்லது கார்பிளே செற்றப் பூட்டுவது. அக்குவா, அக்சியோ, விற்ஸுக்கு 9, 10 அங்குலத் திரைக்கான பிறேம் தாராளமாகக் கிடைக்கும். சாதாரண இரட்டை டின் (எல்லா வாகனத்துக்கும் பொதுவான அளவு) செற்றப் வாங்கினால் அகலம் கவனியுங்கள். டின் அளவு 180 மில்லிமீற்றர், ரொயோட்டாவின் அகன்ற துளை 200. இரண்டு பக்கமும் பத்துப் பத்து மில்லிமீற்றர் இடைவெளி விழும், அதை மூடும் துண்டும் வாங்கவேண்டும்.

ரொயோட்டாவின் பின்புறத்தில் 10 பின் சொக்கெற் ஒன்றும் 6 பின் சொக்கெற் ஒன்றும் இருக்கும். பத்தில் மின்னும் முன் ஸ்பீக்கர்களும், ஆறில் பின் ஸ்பீக்கர்கள். வழக்கமாகச் சாம்பல் நிறம் ஏசிசி (சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயர்), நீலத்தில் மஞ்சள் கோடு எப்போதும் மின் உள்ள வயர், பழுப்பு ஏர்த், பச்சை டாஷ்போட் விளக்குக்கான வயர். நிறத்தை நம்பி இணைக்காமல் மல்ரிமீற்றரால் ஒவ்வொன்றையும் பாருங்கள்: சாவி எடுத்த பிறகும் 12 வோல்ற் காட்டினால் அது நிரந்தர வயர், அற்றுப்போனால் ஏசிசி. வயரை வெட்ட வேண்டாம். அந்த மாடலுக்கான ஹார்னஸை (சொக்கெற்றோடு வரும் வயர்க் கட்டு) வாங்கினால் சொக்கெற்றோடு சொக்கெற் பொருந்தும். விற்கும்போது பழையதைத் திரும்பப் பூட்டலாம்.

பிழை விடும் இடங்கள் எப்போதும் அதே இடங்கள்தான். ஸ்பீக்கரின் கழித்தல் வயர்களை ஒன்றாகச் சேர்த்து ஏர்த் பண்ணுவது ஒன்று. இக்காலச் செற்றப்புகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரிலும் சிக்னல் போகும், ஏர்த் பண்ணினால் அம்பிளிஃபயர் எரியும். டாஷ்போட் விளக்கின் கழித்தல் வயரை ஏர்த்தோடு சேர்ப்பது இன்னொன்று; அது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுற்றில் வருவது, அங்கே பியூஸ் போகும்.

அதிகம் காசு போகும் பிழை கமராவில். ரொயோட்டாவின் ஒரிஜினல் றிவேர்ஸ் கமரா 12 வோல்ற்றில் ஓடுவதில்லை, 6 வோல்ற்றில் ஓடும். அதற்கு நான்கு வயர்: 6 வோல்ற், அதன் ஏர்த், வீடியோ, வீடியோவின் ஏர்த். பழைய செற்றப்தான் அந்த 6 வோல்ற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதன் 12 வோல்ற் கமரா வயரை நேரே கொடுத்தால் கமரா கெட்டுவிடும். 12 ஐ 6 ஆக்கும் சின்ன மாற்றி ஒன்றை இடையில் போட்டு, கமராவை மாட்டும் முன் மாற்றியின் வெளியீட்டை மீற்றரில் பாருங்கள். பூட்டுபவரிடம் 'கமராவுக்கு எத்தனை வோல்ற் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் 'பன்னிரண்டு' என்றால் வேறு கடை பாருங்கள்.

ஸ்ரியரிங் பொத்தான்களுக்கு மூன்று வயர் உண்டு: எஸ்டபிள்யூ 1, எஸ்டபிள்யூ 2, அவற்றின் பொது ஏர்த். ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு மின்தடையைக் காட்டும், செற்றப் அதைப் படித்துக்கொள்ளும். முதல் இரண்டையும் கீ 1, கீ 2 வயர்களுக்குக் கொடுத்துவிட்டு ஏர்த்தை மறந்தால், சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தப் பாட்டு மாறும்.

அன்ரனா பக்கம், பழைய எக்ஸ்பாண்டரைக் கட்டாயம் அகற்றவேண்டும். புதிய செற்றப் தானே 108 வரை பிடிக்கும். 18 இறக்கும் எக்ஸ்பாண்டர் இடையில் இருந்தால் 105.5 க்குக் கீழ் எதுவும் கேட்காது, ஏனென்றால் எல்லாம் 87.5 க்குக் கீழே போயிருக்கும். அன்ரனா அம்பிளிஃபயருக்கான 12 வோல்ற் வயரையும் மறக்காமல் கொடுங்கள். அது இல்லாமல் ஊருக்கு வெளியே போனதும் வானொலி இரையும். செற்றப்பின் வானொலி அமைப்பு அமெரிக்கா என்றிருந்தால் 100.1, 100.3 போன்ற ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் நிற்கும், ஆசியா அல்லது ஐரோப்பாவுக்கு மாற்றுங்கள்.

ட்ராபிக்குக்கு முக்கியமானது ஜிபிஎஸ் அன்ரனா. இதைத்தான் பூட்டுபவர்கள் அவசரத்தில் செற்றப்பின் பின்னால் சுருட்டிப் போட்டுவிடுவார்கள். கார்பிளே ஓடும்போது வாகனத்தின் ஜிபிஎஸ்ஸையும் ஐஃபோன் எடுத்துக்கொள்ளும். அதனால் ஃபோனின் ஜிபிஎஸ் நன்றாக இருந்தும், செற்றப்பின் அன்ரனா மோசமாக இருந்தால் அம்புக்குறி பின்தங்கும் அல்லது பக்கத்து வீதிக்குத் தாவும். காலி வீதியில் போகும்போது மரைன் டிரைவில் நிற்பதாகக் காட்டினால், ட்ராபிக் நிறமும் வந்துசேரும் நேரமும் அந்தத் தவறான வீதிக்கு உரியவை. அன்ரனாவை டாஷ்போட்டின் மேல் பிளாஸ்ரிக்குக்குக் கீழே, முன்கண்ணாடிக்கு அருகில், தட்டையாக, மேல் பக்கம் வானைப் பார்க்க வையுங்கள். டாஷ்கமராவின் வயருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் இரைச்சல் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கும். செற்றப்பின் ஜிபிஎஸ் திரையில் எத்தனை செய்மதி பிடிக்கிறது என்று பார்த்த பிறகே பனலை மூடச் சொல்லுங்கள்.

ஹைபிறிட் வைத்திருப்பவர்கள் கடைசியாக ஒன்று அளக்கவேண்டும். அக்குவா, பிறியஸின் 12 வோல்ற் பற்றரி சிறியது. அன்ட்ரொயிட் செற்றப் சில, விரைவாக எழும்புவதற்காக முழுமையாக அணையாமல் உறங்கும். வாகனத்தைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பற்றரியின் கழித்தல் முனையில் மீற்றரைத் தொடராகப் பிடித்து மின்னோட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 50 மில்லி அம்பியருக்குக் கீழே இருக்கவேண்டும். புதிய செற்றப் மேலதிகமாக 30 மில்லி அம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி. பத்து நாள் வெளிநாடு போய்வந்தால் 7 க்கு மேல், அதாவது 30 அம்பியர் மணிப் பற்றரியில் ஏறத்தாழக் கால்வாசி. பற்றரி ஏற்கெனவே பழசு என்றால் விமான நிலையத்திலிருந்து வீடு வந்த அன்று றிமோற்றுக்குக் கதவும் திறக்காது. அமைப்பில் உறக்க நேரத்தைக் குறைக்கலாம் அல்லது முழுமையாக அணைய வைக்கலாம். எழும்ப அரை நிமிடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இணையம் எங்கிருந்து வரும்?

கார்பிளேயும் அன்ட்ரொயிட் ஓட்டோவும் ஃபோனின் டேற்றாவிலேயே ஓடும். செற்றப் ஒரு திரை மட்டும். என் தெரிவு இதுதான். செற்றப் பழசானாலும் வரைபடமும் ட்ராபிக்கும் ஃபோனோடு சேர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அன்ட்ரொயிட் 10 முதல் அன்ட்ரொயிட் ஓட்டோ ஃபோனிலேயே உள்ளடங்கி வருகிறது. வயரில்லாமல் ஓட அன்ட்ரொயிட் 11 உம் 5 கிகாஹேட்ஸ் வைஃபையும் பொதுவாக வேண்டும். வயரோடு ஓடும்போது இடையிடையே அறுந்தால் செற்றப்பைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் எதுவும் எழும்பாது.

செற்றப்பிலேயே கூகிள் மப்ஸை ஓட்டினால் அதற்குத் தனியாக இணையம் கொடுக்கவேண்டும். ஹொட்ஸ்பொட் என்றால், ஐஃபோன் 12 உம் அதற்குப் பிந்தியவையும் 5 கிகாஹேட்ஸை முதலில் தரும். மலிவுச் செற்றப் பல 2.4 ஐ மட்டும் பார்ப்பதால் பெயரே தெரியாது. ஹொட்ஸ்பொட் அமைப்பில் பொருத்தத்தை அதிகரிக்கும் தெரிவை இயக்கினால் தெரியும். சிம் போடும் செற்றப் வாங்கினால் 4ஜி பட்டை 3, அதாவது 1800 மெகாஹேட்ஸ், அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டேற்றா செலவுக்குப் பயப்பட வேண்டாம், ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சில மெகாபைட்தான். வீட்டு வைஃபையில் இலங்கை வரைபடத்தை முன்கூட்டி இறக்கி வைத்தால் அதுவும் குறையும். ஆனால் இறக்கிய வரைபடத்தில் ட்ராபிக் இருக்காது, டேற்றா அணைந்தால் நிறங்களும் மறையும்.

நிறத்தை எப்படி வாசிப்பது

கூகிளின் நெரிசல் தகவல் வீதி உணரியிலிருந்து வருவதல்ல. அந்த வீதியில் ஓடும் ஃபோன்களின் வேகத்திலிருந்து வருவது. அதனால் ஃபோன் நிறைய உள்ள இடத்தில் அது கூர்மையாக இருக்கும். கொழும்பில், கண்டி வீதியில், காலி வீதியில் நம்பலாம். ஏ9 இல் ஓமந்தை தாண்டி மாங்குளம் வரை இரவு பதினொரு மணிக்குப் போகும்போது முன்னால் பத்து வாகனம்கூட இல்லாத வேளையில், பச்சை என்பது பழைய நாள்களின் கணிப்பாகவும் இருக்கலாம். நிறமே இல்லாத வீதி நெரிசல் இல்லாத வீதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே தகவல் இல்லை.

மூடிய வீதியை அது தானாக அறிவதும் கடினம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். வரைபடம் அந்தப் பக்கமாகவே வழி சொல்லக்கூடும். வாகனத்தை ஓரமாக நிறுத்தி 'வீதி மூடப்பட்டுள்ளது' என்று முறைப்பாடு போடுங்கள், பின்னால் வருபவருக்கு உதவும். பாடசாலை தொடங்கும் ஏழரைக்கும் விடும் ஒன்றரைக்கும் புறப்படுவதாக இருந்தால், நேரடி நிறத்தைவிடப் புறப்படும் நேரத்தைக் கொடுத்துப் பார்ப்பது உபயோகம். இப்போது பச்சையாக இருக்கும் வீதி நீங்கள் அங்கே போய்ச் சேரும் அரை மணி நேரத்தில் பச்சையாக இராது. ஃபோனில் துல்லிய இருப்பிடம் இயங்குகிறதா, பற்றரிச் சேமிப்பு அணைந்திருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பாருங்கள். இந்த இரண்டும் பிழையாக இருந்தாலும் அம்பு தாவும், அப்போது ஜிபிஎஸ் அன்ரனாவைக் குறை சொல்லத் தோன்றும்.

கழற்றிய ஒரிஜினல் செற்றப்பைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதன் பக்கத் தகடுகள், திருகாணிகள், எக்ஸ்பாண்டர், ஜிபிஎஸ் அன்ரனா எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, சொக்கெற்றுகள் கழற்றுமுன் இருந்த நிலையை எடுத்த படத்தையும் ஃபோனில் வைத்திருங்கள். வாங்க வருபவர் ஒரிஜினலைக் கேட்பார். எஸ்டி காட்டை மட்டும் உருவாமல் செற்றப்புக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.